புதிய டிரைவர் லீஸ்-பர்ச்சேஸ் டிரக் எடுக்கலாமா?

அமெரிக்காவில் கனரக வாகன உரிமம் வாங்கி, ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் சேர்ந்து, பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருக்கும் டிரைவரிடம் பல கம்பெனிகள் ஒரு திட்டத்தை முன்வைக்கின்றன. முன்பணம் வேண்டாம், கடன் வரலாறு பார்க்க மாட்டோம், சாவியை இன்றைக்கே தருகிறோம், வாராவாரம் உங்கள் வருமானத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கிறோம், சில ஆண்டுகளில் வண்டி உங்களுக்கே சொந்தம் என்கிறார்கள். இதன் பெயர் லீஸ்-பர்ச்சேஸ். கையில் சேமிப்பு இல்லாதவருக்கும், நாட்டுக்குப் புதிதாக வந்து வங்கிக் கடன் கிடைக்காதவருக்கும் இது வேறெங்கும் கிடைக்காத வாய்ப்பாகத் தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிய டிரைவர் இதில் கையெழுத்துப் போட வேண்டாம். சொந்த டிரக் வைத்துப் பிழைக்கும் தொழில் நல்ல தொழில்தான். ஆனால் உங்களுக்கு எத்தனை மைல் ஓட்டம் கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறவரும், உங்களிடம் வாடகை வாங்குகிறவரும் ஒருவரே என்றால், அந்த ஏற்பாட்டில் அனுபவம் இல்லாதவர் தப்பிப்பது கடினம். எப்படி என்று பார்ப்போம்.

ஒரே நாளில் இரண்டு ஒப்பந்தங்கள்

கம்பெனி டிரைவர் என்பவர் சம்பளக்காரர். வண்டி, டீசல், காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் கம்பெனியின் செலவு. அவருக்கு மைலுக்கு இத்தனை சென்ட் என்று கூலி. ஓனர்-ஆபரேட்டர் என்பவர் தன் பெயரில் வண்டி வைத்திருப்பவர். செலவெல்லாம் அவருடையது, எந்த லோடை ஏற்றுவது, யாருக்காக ஓட்டுவது என்பதும் அவர் கையில்தான்.

லீஸ்-பர்ச்சேஸ் எடுத்தவர் இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறார். அவர் இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகிறார். முதலாவது, டிரக்கை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம். எதிர்த்தரப்பு ஒரு லீசிங் நிறுவனம். பெரும்பாலும் அது அதே சரக்குக் கம்பெனியின் துணை நிறுவனமாகவோ, அதே முதலாளியின் இன்னொரு நிறுவனமாகவோ இருக்கும். இரண்டாவது, அந்த டிரக்கையும் தன் உழைப்பையும் சரக்குக் கம்பெனிக்கு ஒப்படைத்து, அதன் போக்குவரத்து உரிமத்தின் கீழ் ஓட்டும் ஒப்பந்தம். இந்த நொடியிலிருந்து அவர் காகிதத்தில் ஊழியர் இல்லை, சுயேச்சை ஒப்பந்ததாரர். கடைசித் தவணை வரை வண்டியின் உரிமைப் பத்திரம் லீசிங் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். பல ஒப்பந்தங்களில் கடைசியில் பலூன் என்று சொல்லப்படும் ஒரு பெருந்தொகையையும் கட்டினால்தான் வண்டி கைமாறும்.

இதை வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கடனில் வாங்கிய டிரக் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கிறது. வங்கிக்கு அதன்மேல் பிடிமானம் உண்டு, அவ்வளவுதான். கட்டும் ஒவ்வொரு தவணையிலும் அசலில் ஒரு பகுதி குறைகிறது. ஒரு கம்பெனி லோடு கொடுக்கவில்லை என்றால் வண்டியோடு இன்னொரு கம்பெனிக்குப் போகலாம். லீஸ்-பர்ச்சேஸில் பொதுவாக இது எதுவுமே நடக்காது. வேறொருவருக்கு ஓட்டக்கூடாது என்ற விதி இருக்கும். கம்பெனியை விட்டு விலகினால் வண்டியையும் விட வேண்டும். அதுவரை கட்டியதெல்லாம் வாடகைக் கணக்கில் போய்விடும், திரும்பி வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டு உபயோகத்துக்குக் கார் வாங்கும்போது ஆண்டு வட்டி எவ்வளவு என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கடன் கொடுப்பவரைக் கட்டாயப்படுத்துகிறது. தொழிலுக்காக எடுக்கும் கடனுக்கும் லீசுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே வாரத் தவணை எவ்வளவு என்று மட்டும் சொல்வார்கள். வாரம் 900 டாலர் என்பது கேட்கச் சிறிய தொகை. ஆண்டுக்கு அது 46,800 டாலர். மூன்று ஆண்டுகளுக்கு 1,40,400 டாலர், பலூன் தனி. அந்த டிரக் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு இந்தத் தொகையை அதன் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், சொல்லாமல் விடப்பட்ட வட்டி கண்ணில் படும்.

ஒரு வாரக் கணக்கு

லீஸ்-பர்ச்சேஸைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி, செட்டில்மெண்ட் எனப்படும் வாரக் கணக்குச் சீட்டை நாமே எழுதிப் பார்ப்பது. கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களுக்குச் சொல்லப்படும் எண்களை இதே வரிசையில் இட்டுப் பாருங்கள்.

ஒரு வாரத்தில் 2,500 மைல் ஓடியதாக வைப்போம். எல்லாம் சேர்த்து மைலுக்கு 1.60 டாலர் என்றால் வரவு 4,000 டாலர். சம்பளக்காரராக இருந்தவருக்கு இந்த எண் தலைசுற்ற வைக்கும். ஆள் சேர்ப்பவர் காட்டும் எண்ணும் இதுவாகத்தான் இருக்கும். இப்போது செலவுக்கு வருவோம். கேலனுக்கு ஆறரை மைல் கொடுக்கும் வண்டி, டீசல் கேலன் 4 டாலர் என்றால் டீசலுக்கு ஏறக்குறைய 1,540. டிரக் தவணை 900. காப்பீடுகளுக்கு 200. பராமரிப்பு நிதிக்கு மைலுக்கு 10 சென்ட் வீதம் 250. நம்பர் பிளேட், ஓட்டும் நேரத்தைக் குறிக்கும் மின்னணுப் பதிவுக் கருவி, சுங்கம், இதர பிடித்தங்களுக்கு 110. மொத்தச் செலவு 3,000. கையில் நிற்பது 1,000 டாலர், வரிக்கு முன்.

அதே 2,500 மைலை, மைலுக்கு 50 சென்ட் கூலிக்கு ஓட்டிய கம்பெனி டிரைவர் 1,250 டாலர் எடுத்துப் போகிறார். சமூகப் பாதுகாப்பு வரியிலும் மருத்துவக் காப்பீட்டு வரியிலும் பாதியை அவருடைய கம்பெனி கட்டுகிறது. சுயேச்சை ஒப்பந்ததாரர் இரண்டு பாதிகளையும், அதாவது நிகர வருமானத்தில் 15.3 சதவீதம், தானே கட்ட வேண்டும். வருமான வரி தனி. யாரும் பிடித்துக் கட்ட மாட்டார்கள் என்பதால் ஆண்டுக்கு நான்கு தவணையாக அவரே கணக்குப் போட்டுச் செலுத்த வேண்டும். முதல் ஆண்டில் இதைத் தெரியாமல் விட்டவருக்கு அடுத்த ஏப்ரலில் மொத்தமாக வந்து நிற்கும்.

இது நல்ல வாரம். லோடு குறைந்து 1,500 மைல்தான் கிடைத்தது என்றால்? வரவு 2,400. டீசலும் பராமரிப்பு நிதியும் குறையும். டிரக் தவணை ஒரு டாலர்கூடக் குறையாது. இதே கணக்கில் மிஞ்சுவது ஏறக்குறைய 117 டாலர். கம்பெனி டிரைவருக்கு அந்த வாரம் 750. வண்டி பட்டறையில் நின்று ஒரு மைலும் ஓடவில்லை என்றால் தவணை, காப்பீடு, இதர பிடித்தங்கள் என்று 1,210 டாலர் கடனாக நிற்கும். அந்தக் கடன் அடுத்த வாரச் சீட்டின் தலையில் முதல் வரியாக வந்து உட்காரும்.

இந்த எண்களைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். டீசலும் பராமரிப்பும் போக ஒரு மைலுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 88 சென்ட். நிலையான செலவு 1,210 டாலர். அப்படியானால் வாரத்தின் முதல் 1,370 மைல் வரை டிரைவருக்கு ஒரு சென்ட்கூட இல்லை. அத்தனையும் வண்டிக்கும் காப்பீட்டுக்கும்தான். கம்பெனி டிரைவரின் கூலியை அவர் எட்டிப் பிடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு ஏறக்குறைய 3,140 மைல் ஓட வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு பணி நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. தொடர்ந்து 8 நாட்களில் 70 மணி நேரப் பணிக்கு மேல் ஓட்டக்கூடாது. லோடு ஏற்றுவதும் இறக்குவதும் வண்டியைச் சோதிப்பதும் அந்த 70 மணியில்தான் அடங்கும். 2017 டிசம்பரிலிருந்து மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம் என்பதால் நேரத்தை மறைக்கவும் வழியில்லை. தனியாக ஓட்டும் ஒருவர் வாராவாரம் 3,140 மைல் ஓடுவது என்பது, எல்லாக் கிடங்கிலும் உடனே கதவு திறந்து, எந்த ஊரிலும் பனி பெய்யாமல், லோடுகளை ஒதுக்கும் டிஸ்பாச்சரும் இடைவெளி இல்லாமல் லோடு கொடுத்தால்தான் நடக்கும்.

இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன சிக்கல் வருகிறது. அந்த மைல்களைக் கொடுப்பவர் டிஸ்பாச்சர். அவர் கம்பெனியின் ஊழியர். மைல் குறைந்தால் நஷ்டம் டிரைவருக்கு. கம்பெனிக்குத் தவணை எப்படியும் வந்துவிடும். லோடை மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை ஒரு லோடை மறுத்தவருக்கு அடுத்தது திங்கட்கிழமைதான் வரும் என்றால் அந்த உரிமைக்கு என்ன மதிப்பு? சந்தை படுத்துப்போகும் காலத்தில் இது இன்னும் மோசமாகும். 2021இல் சரக்குக் கட்டணம் உச்சத்தில் இருந்தபோது பலர் டிரக் எடுத்தார்கள். 2022இல் கட்டணம் சரியத் தொடங்கியது. தவணை மட்டும் உச்சகால விலையிலேயே நின்றது.

பட்டறைச் செலவு

புதிய டிரைவருக்குக் குறிப்பாக ஆபத்தானது பழுது. 2007க்குப் பின் வந்த டீசல் டிரக்குகளில் புகைக்கரி வடிகட்டி உண்டு. 2010 விதிகளுக்குப் பின் யூரியாக் கரைசலைத் தெளித்து நச்சுவாயுவைக் குறைக்கும் அமைப்பும் சேர்ந்தது. சுற்றுச்சூழலுக்கு இவை தேவை. ஆனால் ஒரு சென்சார் கெட்டால்கூட எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும். வண்டி ஓரங்கட்டத்தான் வேண்டும். வடிகட்டி மாற்றும் நிலை வந்தால் செலவு ஆயிரங்களில் போகும். பராமரிப்பு நிதியில் மைலுக்கு 10 சென்ட் வீதம் சேர்த்தது ஒரே பில்லில் கரையும். லீஸ்-பர்ச்சேஸில் தரப்படும் பல வண்டிகள் கம்பெனி டிரைவர்கள் ஏற்கெனவே ஓட்டித் தள்ளியவை, அல்லது முந்தைய குத்தகைதாரர் தாக்குப்பிடிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தவை. உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும்.

பழகிய டிரைவருக்கு எந்தச் சத்தம் ஆபத்து, எந்த விளக்கு எரிந்தால் எத்தனை மைல் தாங்கும், எந்தப் பட்டறை நியாயமாக வாங்கும் என்பது தெரியும். முதல் ஆண்டு டிரைவருக்குப் பின்பக்கமாக வண்டியை ஓட்டி நிறுத்துவதே இன்னும் பதற்றம் தரும் வேலை. ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆண்டிலேயே ஒரு தொழிலையும் நடத்தச் சொல்வது நியாயமில்லை.

ஒரு வண்டியை ஒருவர் பாதியில் விட்டால் கம்பெனிக்கு நஷ்டம்தானே என்று தோன்றலாம். இல்லை. அதே வண்டி அடுத்த வாரம் இன்னொரு புதியவருக்கு, புதிய ஒப்பந்தத்தில், முதல் தவணையிலிருந்து போகும். முன்னவர் கட்டியது எதுவும் பின்னவருக்குக் கழியாது. டிரைவர் தோற்றாலும் வண்டி சம்பாதித்துக்கொண்டே இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குள்ள கோபமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

நடந்தவை

கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2008 அக்டோபரில் தூய டிரக் திட்டத்தைத் தொடங்கின. புகை கக்கும் பழைய வண்டிகள் படிப்படியாகத் துறைமுகத்துக்குள் வரத் தடைசெய்யப்பட்டன. காற்று தூய்மையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய வண்டியைச் சொந்தமாக வைத்துப் பிழைத்த டிரைவர்களால் லட்சம் டாலர் விலையுள்ள புதிய வண்டியை வாங்க முடியவில்லை. கம்பெனிகள் வண்டியை வாங்கி, லீஸ்-பர்ச்சேஸில் அவர்களுக்கே கொடுத்தன. அவர்களில் பலர் ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. 2017இல் யுஎஸ்ஏ டுடே நாளிதழ் வெளியிட்ட புலனாய்வு, வாரம் முழுக்க ஓட்டியும் பிடித்தம் போகச் சில டாலர்களே மிஞ்சியவர்களையும், நோயில் படுத்த சமயத்தில் வண்டியையும் கட்டிய பணத்தையும் இழந்தவர்களையும் பற்றி எழுதியது. மறு ஆண்டு கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது: டிரைவர்களுக்குத் தர வேண்டிய தீர்ப்புத் தொகையைக் கட்டாத துறைமுக டிரக் கம்பெனிகளின் பெயர்ப் பட்டியல் வெளியிடப்படும், அவற்றைப் பயன்படுத்தும் சரக்கு நிறுவனங்களும் பொறுப்பேற்க நேரும்.

பெரிய கம்பெனி என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் செலடான் கதையை அறிந்திருக்க வேண்டும். இண்டியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த அந்தக் கம்பெனிக்கு, டிரைவர்களுக்கு டிரக்குகளை லீசுக்கு விடும் ஒரு துணை நிறுவனம் இருந்தது. அந்த டிரக்குகளின் மதிப்பை ஏட்டில் கூட்டிக் காட்டிய மோசடி வெளிப்பட்டு, 2019இல் 4 கோடியே 22 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் திவாலாகி மூடப்பட்டது. கம்பெனியே மூடும்போது, ஓட்டுவதற்கு லோடு இல்லாத டிரைவரின் லீஸ் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க நாடாளுமன்றம் 2021இல் நிறைவேற்றிய உள்கட்டமைப்புச் சட்டம், டிரக் லீஸ் ஏற்பாடுகளை ஆராய ஒரு பணிக்குழு அமைக்கச் சொன்னது. 2023இல் கூடத் தொடங்கிய அந்தக் குழு 2025 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. திருத்தங்கள் போதாது, சரக்குக் கம்பெனிகள் நடத்தும் லீஸ்-பர்ச்சேஸ் திட்டங்களையே தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரை. நான் "வேண்டாம்" என்று சொல்வதில் மிகை இருப்பதாக நினைப்பவர்களுக்கு இந்தப் பரிந்துரையைத்தான் காட்டுவேன்.

யாருக்குச் சரிவரலாம்?

லீஸ்-பர்ச்சேஸில் வண்டியைச் சொந்தமாக்கி முடித்தவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டு அனுபவமும், சில மாதச் செலவைத் தாங்கும் சேமிப்பும், தன் வண்டி ஒரு மைலுக்கு எவ்வளவு தின்கிறது என்ற துல்லியமான கணக்கும் உள்ளவருக்கு நல்ல ஒப்பந்தம் கிடைத்தால் நடக்கும். ஆனால் இவையெல்லாம் இருப்பவருக்குப் பெரும்பாலும் வங்கியிலோ டிரக் விற்பனையாளரிடமோ கடனே கிடைத்துவிடும். ஆகவே புதியவருக்கு நான் சொல்லும் பாதை எளிது: இரண்டு ஆண்டு கம்பெனி டிரைவராக ஓட்டுங்கள். ஒவ்வொரு வாரமும், வண்டி உங்களுடையதாக இருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று மேலே உள்ளதுபோல ஒரு கற்பனைச் சீட்டு எழுதி வாருங்கள். முன்பணத்துக்கும் பழுதுக்கும் தனித்தனியாகச் சேமியுங்கள். பிறகு உங்கள் பெயரில் ஒரு பழைய வண்டியை வாங்குங்கள்.

எச்சரிக்கையை மீறியும் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வீட்டுக்குத் தர மாட்டேன் என்றால் அதுவே போதுமான பதில். வேறு கம்பெனிக்கு ஓட்ட அனுமதி உண்டா, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், வண்டி பட்டறையில் நிற்கும் வாரத்துக்கும் தவணை உண்டா, பராமரிப்பு நிதியில் மிஞ்சியது விலகும்போது திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள். வண்டியைச் சார்பற்ற ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, எஞ்சின் கணினியின் பதிவுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். இப்போது அதே திட்டத்தில் ஓட்டும் டிரைவர்களிடம், கம்பெனி அறிமுகப்படுத்தும் ஆட்களிடம் அல்லாமல் டிரக் நிறுத்துமிடத்தில் நீங்களாகச் சந்திப்பவர்களிடம், மூன்று மாதச் செட்டில்மெண்ட் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் சில உரிமைகள் உண்டு. மத்திய அரசின் லீஸ் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி, உங்களுக்கும் சரக்குக் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் பிடித்தங்கள் ஒவ்வொன்றும் விளக்கப்பட்டிருக்க வேண்டும். லோடு முடிந்து தேவையான ஆவணங்களைக் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். கட்டணத்தில் சதவீதம் தருவதாக ஒப்பந்தம் இருந்தால் அந்தச் சரக்குக் கட்டணச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கலாம். எஸ்க்ரோ என்ற பெயரில் பிடித்துவைத்த தொகைக்கு வட்டி உண்டு. ஒப்பந்தம் முடிந்த 45 நாட்களுக்குள் கணக்குக் காட்டி மீதியைத் திருப்பித் தர வேண்டும். வழக்குப் போட முடியாது, நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தம் மிரட்டினால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். நியூ பிரைம் கம்பெனிக்கு எதிராக ஒலிவேரா என்ற டிரைவர் நடத்திய வழக்கில், போக்குவரத்துத் தொழிலாளரை ஒப்பந்ததாரர் என்று அழைத்தாலும் மத்திய நடுவர் சட்டத்தைக் காட்டி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சில மாநிலங்களின் சட்டம் வேறுபடலாம் என்பதால் தொழிலாளர் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலகுவது என்று முடிவெடுத்தால் வண்டியை வழியில் விட்டுப் போகாதீர்கள். வண்டியைக் கைவிட்டவர் என்ற குறிப்பு உங்கள் வேலைப் பதிவில் ஏறினால் அடுத்த கம்பெனி சேர்க்கத் தயங்கும். கையில் உள்ள லோடை இறக்கிவிட்டு, விலகல் கடிதத்தை எழுத்தில் அனுப்பி, வண்டியைக் கம்பெனியின் டெர்மினலில் ஒப்படையுங்கள். உள்ளும் புறமும் படமெடுத்து, மைல்மீட்டர் எண்ணையும் படமெடுத்து, ஒப்படைத்ததற்குச் சீட்டு வாங்குங்கள். 45 நாள் கழிந்தும் எஸ்க்ரோ பணம் வரவில்லை என்றால் சரக்கு வாகனங்களைக் கண்காணிக்கும் மத்திய மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகத்தின் (FMCSA) புகார் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். செட்டில்மெண்ட் சீட்டுகள் அனைத்தின் நகலும் அப்போது தேவைப்படும்.